திரைக்குள் ஒரு திண்ணை

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் – பிள்ளைகள் கூட்டத்தில், மறைக்கல்வி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



யூபிலி என்றால் கடந்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்து நன்றி கூறும் காலம். ஆயினும் இன்று எங்களுக்குத் தரப்பட்டிருக்கும் பொருள் கடந்த காலத்தைப் பற்றியதன்று. இன்று மாலை நம் வீட்டுக்குள் நடக்கப்போவதைப் பற்றியது. பள்ளி விட்டு வந்த பிள்ளை பையை இறக்கி வைக்கிறது. காப்பியைக் குடிக்கிறது. பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. திரையில் மூன்று நான்கு முகங்கள். மணி ஆறாகிறது, ஏழாகிறது, எட்டாகிறது. "சாப்பிட வா" என்று தாய் மூன்று முறை கூப்பிட்டாயிற்று. "இந்தா வாரேன்" என்ற குரல்தான் வருகிறது. பிள்ளை வரக் காணோம்.

"இந்த வீடியோ காலை நிறுத்த என்ன வழி?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். "கூடப் படிக்கிறவர்களோடு பேசுவதில் என்ன தப்பு?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இருவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், நடப்பது என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

கைபேசி பிள்ளைகளின் கைக்கு எப்படி வந்தது? அவர்கள் களவாக எடுத்துக்கொண்டதன்று, நாம் கொடுத்தது. கொரோனா நோய் பரவியபோது 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டன. அந்த ஆண்டு ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே ரத்து என அரசு அறிவித்தது. இடையில் மேல் வகுப்புகளுக்குச் சிறிது காலம் பள்ளி திறந்து மீண்டும் மூடப்பட்டது. 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு 2021 செப்டம்பர் 1 அன்றும், சிறு வகுப்புகளுக்கு நவம்பர் 1 அன்றும்தான் வகுப்பறை திரும்பக் கிடைத்தது. அந்த ஒன்றரை ஆண்டுக் காலத்தில் பாடம் கைபேசியில் வந்தது. வீட்டுப்பாடம் கைபேசியில் போயிற்று. கடன் வாங்கியாவது ஒரு கைபேசி வாங்கிக் கொடுத்த பெற்றோர் பலர். அன்று தொடக்கப் பள்ளியில் இருந்த குழந்தைகள்தாம் இன்று வளர்ந்து பதின்பருவத்தில் நிற்கிறார்கள். தோழமை என்றாலே ஒரு சிறு கட்டத்துக்குள் தெரியும் முகம் என்று அவர்கள் பழகியது அந்த நாளில்தான்.

முகம் பார்த்துப் பேசும் கருவி மனிதன் வெகுநாள் கண்ட கனவு. 1964-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் பெல் தொலைபேசி நிறுவனத்தார் படத் தொலைபேசி ஒன்றை வைத்துக் காட்டினார்கள். அதே ஆண்டில் நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ ஆகிய மூன்று நகரங்களில் அதற்கென்று கூடங்கள் அமைத்தார்கள். மூன்று நிமிடம் பேசுவதற்குக் கட்டணம் 16 டாலர் முதல் 27 டாலர் வரை! அந்த விலைக்கு ஆள் வரவில்லை, திட்டம் படுத்துவிட்டது. நம் பக்கத்திலோ அந்த நாளில் டிரங்க் கால் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். பின்பு எஸ்.டி.டி. கூடங்கள் வந்தன. இரவில் கட்டணம் குறையும் வரை பொறுத்திருந்து, மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டே வெளியூரில் இருக்கும் மகனிடம் நாலு வார்த்தை பேசிய தாய்மார் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையத்தின் விலை மளமளவென இறங்கிற்று. அதே ஆண்டு நவம்பரில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்தது. 2018-இல் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசலாம் என்றாயிற்று. ஊரடங்குக் காலமாகிய 2020 ஏப்ரலில் அது எட்டுப் பேர் என்றாயிற்று. அமெரிக்காவில் அன்று பணக்காரனுக்கும் கட்டுப்படியாகாத ஒன்று, இன்று மேலநீலிதநல்லூரில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் மடியில் கிடக்கிறது. காசு ஓடும்போது பேச்சு தானாகவே சுருங்கியது. இப்போது மீட்டரும் இல்லை, காத்திருப்பும் இல்லை. போதும் என்று சொல்லும் பொறுப்பு இயந்திரத்தை விட்டு மனிதனிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, அப்படி மணிக்கணக்கில் என்னதான் பேசுகிறார்கள்? கிட்டப் போய்ப் பார்த்த பெற்றோருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. பல நேரம் அவர்கள் பேசுவதே இல்லை! கைபேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து நிறுத்திவிட்டு ஒருத்தி கணக்குப் போடுகிறாள். ஒருத்தி தலை பின்னுகிறாள். ஒருத்தி தம்பிக்குச் சோறு ஊட்டுகிறாள். இடையிடையே ஒரு சிரிப்பு, ஒரு கேள்வி, மறுபடி மௌனம். "பேசவும் இல்லை, வைக்கவும் இல்லை, பிறகு எதற்கு இந்தக் கால்?" என்று அம்மா அதட்டுகிறாள்.

அம்மா, சற்று நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்து ஊர்களில் பீடி சுற்றும் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு ஒரே வீட்டுப் படிப்புரையில் கூடி உட்காருவது ஏன்? தனித்தனியாக அவரவர் வீட்டில் இருந்தும் சுற்றலாமே! கை பாட்டுக்கு வேலை செய்யும். வாய் பேசினாலும் பேசும், பேசாவிட்டாலும் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற தெம்பு இருக்கும். சாயங்காலம் திண்ணையில் நம் பாட்டன்மார் உட்கார்ந்திருந்ததும் அப்படித்தான். சேர்ந்து இருப்பதே அங்கே காரியம். நம் பிள்ளைகள் திரைக்குள் கட்டிக்கொண்டிருப்பதும் ஒரு திண்ணைதான். வீடுகளில் நாம் திண்ணையை இடித்து அந்த இடத்தில் கம்பிக் கதவு போட்டோம். பிள்ளைகள் வேறிடத்தில் திண்ணை தேடிக்கொண்டார்கள்.

மற்றொரு காரணமும் உண்டு. முன்பு பிள்ளையின் தோழன் அடுத்த தெருவில் இருந்தான். இன்று பள்ளிக்கும் கல்லூரிக்கும் பல ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். ஒருத்தி குருக்கள்பட்டி, ஒருத்தி தேவர்குளம், ஒருத்தி பனவடலிசத்திரம் என்றிருந்தால், மாலை பஸ்ஸுக்குப் பிறகு அவர்கள் சந்திப்பது எங்ஙனம்?

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். பையனுக்குத் தெரு இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, பாலத்துச் சுவர் இருக்கிறது, கிரிக்கெட் ஆடும் பொட்டல் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கத்தில் பெண்பிள்ளை பெரியவளானபின் அவளுக்கு எது இருக்கிறது? தோழி வீட்டுக்குப் போகவா என்று கேட்டால், "அங்கே என்ன சோலி?" என்கிறோம். தோழியை வீட்டுக்கு வரச் சொல்லவா என்றால், "அவ எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை?" என்று தொடங்குகிறோம். அந்தக் கேள்விக்குள் சாதியும் ஒளிந்திருக்கிறது என்பதை நாம் எல்லாரும் அறிவோம். எல்லாக் கதவையும் அடைத்துவிட்டுச் சன்னல் வழியே ஏன் பேசுகிறாய் என்று கேட்பது முறையாகுமா? அவளுக்கு அந்தக் கைபேசி விளையாட்டுச் சாமானன்று. வயதொத்த ஒரு முகத்தைக் காண இருக்கும் ஒரே வாசல். அதைப் பறித்தால் அவள் படிப்பில் மூழ்கிவிடுவாள் என்று எண்ண வேண்டாம். தனிமையில் மூழ்குவாள்.

திரை என்றாலே எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பதும் சரியன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் ஓர் அறிவுரை வெளியிட்டது. ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று கூறிய அம்மருத்துவர்கள், ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். அதுதான் வீடியோ கால். நாடகமும் விளையாட்டும் குழந்தை சிரித்தாலும் அழுதாலும் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அழைப்பின் மறுமுனையில் இருக்கும் பாட்டியோ குழந்தை சிரித்தால் சிரிப்பாள், அழுதால் பதறுவாள். நம் பங்கிலும் திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் தந்தையர் தம் குழந்தையின் முதல் நடையைக் கண்டது இந்தத் திரையில்தானே? ஆகவே கருவியைப் பழிக்க வேண்டாம்.

அப்படியானால் எல்லாம் நலம் என்று சொல்லி இறங்கிவிடலாமா? கூடாது. பிள்ளைகளே, இனி உங்கள் பக்கம் திரும்புகிறோம். மூன்று காரியங்களைக் கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, தூக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் கணக்கு. காலை ஐந்தரைக்கு எழுந்து பஸ் பிடிக்கும் பிள்ளை குறைந்த அளவாகிய 8 மணி நேரம் தூங்க வேண்டுமானால், இரவு ஒன்பதரைக்குப் பாயில் இருக்க வேண்டும். பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தால் அந்தக் கடனை மறுநாள் வகுப்பறை அடைக்கிறது. எட்டுப் பேர் கூடும் அழைப்பில் முதலில் போகிறேன் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. தன்னை விட்டுவிட்டு ஏதோ பேசிவிடுவார்கள் என்ற பயம். ஆகவே தூக்கத்தோடு போராடிக்கொண்டு எட்டுப் பேரும் விழித்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் துணிந்து "நான் வைக்கிறேன்" என்றால் மற்ற ஏழு பேரும் மனத்துக்குள் நன்றி சொல்வார்கள்!

இரண்டாவது, வீட்டாரின் மானம். நம் வீடுகள் பெரும்பாலும் ஓர் அறை, ஒரு கூடம். நீ திரையைத் திறந்து வைத்தால் உன் முகம் மட்டுமா தெரிகிறது? பின்னால் குளித்துவிட்டு வரும் அக்கா தெரிகிறாள். இருமிக்கொண்டு படுத்திருக்கும் தாத்தா தெரிகிறார். அப்பாவும் அம்மாவும் கடனைப் பற்றிப் பேசும் பேச்சு நாலு வீட்டுக்குக் கேட்கிறது. அவர்கள் யாரும் உன் அழைப்புக்கு வர இசையவில்லையே! "நான் காலில் இருக்கிறேன்" என்று முன்கூட்டிச் சொல்வதும், சுவரைப் பின்னால் வைத்து அமர்வதும் சின்ன மரியாதைகள். திண்ணையில் இருந்தவர்கள் வீட்டின் உள்ளறையை எட்டிப் பார்ப்பதில்லை. அந்த ஒழுங்கு திரைத் திண்ணைக்கும் உண்டு.

மூன்றாவது, ஆபத்து. திரையில் தெரிவதைப் படம் பிடிக்க மறுமுனையில் இருப்பவனுக்கு ஒரு விநாடி போதும். முகம் தெரியாதவன் தோழியின் பெயரில் வரலாம். தெரிந்தவனே பின்னாளில் பகைவனாகி, பழைய படத்தைக் காட்டி மிரட்டலாம். எந்த நட்பும் உடலைக் காட்டச் சொல்லிக் கேட்காது. கேட்டால் அது நட்பன்று. அந்த இடத்திலேயே அழைப்பைத் துண்டித்துவிடு. மிரட்டினால் பணம் கொடுக்காதே, அழித்துவிடாதே, வீட்டில் சொல். 18 வயதுக்கு உட்பட்ட ஆண்பிள்ளை, பெண்பிள்ளை இருபாலாரையும் காக்கவே 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. சிறுவர் சிறுமியரின் ஆபாசப் படத்தை எடுப்பவனையும் பரப்புகிறவனையும் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் தண்டிக்கிறது. குழந்தைகள் உதவிக்கு 1098, இணையவழிக் குற்றங்களைச் சொல்ல 1930. இந்த இரண்டு எண்களையும் இப்போதே உங்கள் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

பெற்றோர்களே, இப்போது மீண்டும் உங்களிடம். "வீட்டில் சொல்" என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டோம். ஆனால் சொல்லக்கூடிய வீடாக நம் வீடு இருக்கிறதா? மிரட்டலுக்கு ஆளான ஒரு பெண்பிள்ளையின் மனத்தில் என்ன ஓடும்? "சொன்னால் அடிப்பார்கள். கைபேசியைப் பிடுங்குவார்கள். பள்ளிக்கூடத்துக்கே அனுப்ப மாட்டார்கள். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்." இந்தப் பயம் இருக்கும் வீட்டில் பிள்ளை வாய் திறக்காது. மிரட்டுகிறவனுக்குப் பலம் அவன் கையில் உள்ள படத்தில் இல்லை. நம் வீட்டுக் கோபத்தில் இருக்கிறது. அதை நம்பித்தான் அவன் மிரட்டுகிறான். "என்ன நேர்ந்தாலும் என்னிடம் சொல், உன் படிப்பை நிறுத்த மாட்டேன்" என்று ஒரு தகப்பன் தன் மகளிடம் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், எந்தப் பூட்டும் தராத காவல் அது.

பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். யாத்திரைக் கூட்டத்தில் உறவினரோடு இருப்பார் என்று எண்ணிப் பெற்றோர் ஒருநாள் வழி நடந்துவிட்டனர். பிறகு தேடித் திரும்பினார்கள். மூன்று நாளுக்குப் பின் கண்டார்கள். கண்டதும் தாய் என்ன செய்தார்? அடிக்கவில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார், தம் மனவேதனையையும் சொன்னார். கிடைத்த பதில் அவர்களுக்கு விளங்கவில்லை. ஆயினும் அன்னை அதை உள்ளத்தில் இருத்திக்கொண்டார். மகனும் அவர்களோடு திரும்பிப் போய்ப் பணிந்து நடந்தார். பிள்ளை யாரோடு இருக்கிறான் என்று தெரியாமல் தவித்தது திருக்குடும்பத்துக்கே நேர்ந்ததென்றால், நமக்கு நேர்வதில் வியப்பென்ன? தேடிப் போவதும், கேட்பதும், விளங்காத பதிலைப் பொறுமையோடு சுமப்பதும் நாம் அந்த வீட்டில் படிக்க வேண்டிய பாடம்.

இனி, வீட்டில் நாளை முதல் செய்யக்கூடிய சில ஒழுங்குகளைக் கூறுகிறோம். இவை கட்டளைகள் அல்ல. பெற்றோரும் பிள்ளையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியவை.

ஒன்று: அழைப்பு கூடத்தில் நடக்கட்டும், தாழிட்ட அறையில் வேண்டாம். ஒட்டுக் கேட்பதற்காக அன்று; திண்ணை எப்போதும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கும் என்பதற்காக.

இரண்டு: வீட்டில் உள்ள எல்லாக் கைபேசிகளும் இரவு ஒரு குறித்த மணிக்குக் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜுக்குப் போகட்டும். எல்லாக் கைபேசிகளும் என்றோம். அப்பாவுடையதும் அதில் அடக்கம்.

மூன்று: சாப்பாட்டு நேரமும் செபமாலை நேரமும் வீட்டாருக்கு உரியவை. அந்த நேரத்தில் யாருக்கும் அழைப்பு இல்லை என்பதைத் தோழர் தோழியருக்கும் சொல்லி வைக்கட்டும். அவர்கள் வீட்டிலும் அது நல்ல வழக்கமாகலாம்.

நான்கு: உடம்பு அசையட்டும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. பெண்பிள்ளைக்கும் அது பொருந்தும்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. திரையில் தெரியும் அந்த மூன்று நான்கு முகங்களின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருநாள் மகளின் பின்னால் நின்று, "நல்லா இருக்கியாம்மா? வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு ஒரு ஞாயிறு பிற்பகல் அவர்களைப் பகல் பஸ்ஸில் வரச் சொல்லுங்கள். எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று கேளாமல் நம் வீட்டுத் தட்டில் முறுக்கும் காப்பியும் கொடுங்கள். அவர்கள் பெற்றோருக்கு நீங்களே பேசி, பொழுது சாயுமுன் பஸ் ஏற்றி விடுங்கள். நேரில் வந்து போன தோழியிடம் இரவு பதினொன்று வரை திரையில் பேச வேண்டிய தேவை குறையும் என்று நம்புகிறோம். குறையாவிட்டாலும், மகள் யாரோடு பேசுகிறாள் என்பதாவது உங்களுக்குத் தெரியும்.

பங்குப் பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. திருமணத்துக்கும் கூட்டத்துக்கும் திறக்கும் நம் மன்றத்தின் கதவை, வாரத்தில் ஒரு மாலைப் பொழுது இளைஞர்களுக்கும் இளம்பெண்களுக்கும் திறந்து வைக்க இந்த யூபிலி ஆண்டில் முடிவெடுக்கலாமா? இரண்டு கேரம் பலகை, கொஞ்சம் புத்தகம், ஒரு பந்து, பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள இரண்டு பெரியவர்கள், இவ்வளவே தேவை. சொற்பொழிவு வேண்டாம், எங்களுடையதும் வேண்டாம்! அவர்கள் சும்மா கூடியிருக்கட்டும். ஓர் ஆலயம் கட்ட நம் முன்னோர் கல் சுமந்தார்கள் என்றால், ஒரு திண்ணை அமைப்பது நம்மால் ஆகாதா?

பிள்ளைகளே, இறுதியாக உங்களுக்கு ஒரு சொல். உங்கள் நட்பை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. பூட்டிய பள்ளிக்கும் வராத பஸ்ஸுக்கும் அடைத்த கதவுக்கும் நடுவே அதை நீங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள். ஆனால் அடுப்படியில் இருந்து கூப்பிடும் குரலும் ஒரு முகத்தின் குரல்தான். அந்த முகம் வீடியோ காலில் வராது. சோற்றை எடுத்து வைத்துக் காத்திருக்கும். "இந்தா வாரேன்" என்று சொன்னால், தோழிகளிடம் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே எழுந்து வாருங்கள்.